எட்டுச் சுற்றுக்கு ஒரு டிராம்போன்

எவரால்ட் பினக் கண்ணை மூடியிருக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பது ஓட்டலில் பிடித்த கெட்ட பழக்கம். அங்கே கண்ணைத் திறந்தால் வெயிலில் வெந்து சிவந்த சுற்றுலாக்காரர்களின் தொப்பைதான் தெரியும், மூடிக்கொண்டால் புண்ணியம். ஆனால் கிங்ஸ்டனில் லாசெல்ஸின் ஒலிப்பதிவு அறை ஓட்டல் மேடை அல்ல. சைக்கிள் கிடங்காக இருந்து பதவி உயர்வு பெற்ற இடம். அதற்குள் டிரம், பேஸ், கிதார், ஆர்கன், பாடுகிற மார்வலின், இத்தனையும் போக மிஞ்சிய மூலையில் எவரால்டும் அவனுடைய டிராம்போனும். டிராம்போன் இருந்த இடத்தில் இருக்கிற வாத்தியமும் அல்ல. அடியாழத்து 'ஈ' சுரம் வேண்டுமென்றால் முன்குழாயைக் கை எட்டுகிற மட்டும் தள்ளியாக வேண்டும்.

தள்ளினான். எட்டாவது சுற்று, கடைசிச் சுரம், கேட்பவர் நெஞ்சு உருகி ஓட வேண்டிய இடம். உருகி ஓடியது வேறு. குழாயின் முனை ஆர்கன்மேல் இருந்த புட்டியைத் தட்டிவிட்டது. புட்டியில் தண்ணீர் இருந்திருந்தால் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். இருந்தது கடற்பாசிப் பானம். பாசியைக் காய்ச்சி, டின் பால் ஊற்றி, ஜாதிக்காய் தட்டிப்போட்டு, கரண்டியை நட்டால் நிற்கிற பதத்தில் ஆர்கன்காரர் வைக்ளிஃபின் மனைவி கொடுத்தனுப்பியது. ஆண்களுக்கு நல்லது என்று ஊரே சத்தியம் செய்கிற சமாச்சாரம். அது கொஞ்சமும் அவசரப்படாமல் ஆர்கனின் கட்டைகளுக்கு நடுவே இறங்கியது. ஆர்கன் ஒருமுறை ஈனப்போகிற மாடு மாதிரி முனகியது. அப்புறம் பேச்சில்லை.

யாரும் திட்டவில்லை. அதுதான் எவரால்டுக்குப் பயமாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் லாசெல்ஸ் ஒலிபெருக்கியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மூணு மணி."

அதுவரை ஆர்கன் காய வேண்டும் என்று அர்த்தம். மற்றவர்கள் வாத்தியங்களை வைத்துவிட்டு வெளியே போனார்கள். எவரால்ட் மட்டும் நின்றான். அவனுக்கு ஆர்கனைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. 'சோலோ எப்படி இருந்தது?'

இந்த எட்டுச் சுற்றுக்காகத்தான் அவன் ஓட்டலை விட்டுவிட்டு வந்தான். வடக்குக் கடற்கரையில் பன்னிரண்டு வருடம், கையில் ஃப்ரில் வைத்துத் தைத்த சட்டையில், வாழைப்படகுப் பாட்டும் பிறந்தநாள் பாட்டும் வாசித்திருக்கிறான். அந்தப் பன்னிரண்டு வருடத்து மூச்சில் ஒரு மூச்சுகூட எந்த இசைத்தட்டிலும் ஏறவில்லை. டிரம் வாசிக்கிற க்ளோவிஸ், எவரால்டின் மனைவி டெல்ரோஸின் அண்ணன். அவன்தான் லாசெல்ஸிடம் சொல்லி, மார்வலினின் பாட்டில் இரண்டாம் சரணத்துக்கும் மூன்றாம் சரணத்துக்கும் நடுவில் எட்டுச் சுற்று வாங்கிக் கொடுத்தான். டெல்ரோஸ் அதை சர்ச்சில் சொன்னாள். சர்ச் தெருவிடம் சொன்னது. இப்போது தெருமுனைத் தையற்காரர்கூட, "உங்க ரெக்கார்டு எப்ப வருது?" என்று கேட்கிறார். உங்க ரெக்கார்டாம். எட்டுச் சுற்று. சுற்றுக்கு நாலு தட்டு, சரியாக வாசித்தால் அரை நிமிடம்.

காலையிலிருந்து மூன்று தடவை பதிவு நடந்தது. எவரால்ட் மூன்று தடவையும் மூன்று விதமான ஸ்கேல் வாசித்தான். முதல் தடவை ஓட்டல் பாணி: ஏ மைனரின் ஏழு சுரங்களும் போதாதென்று, வழியில் கைகாட்டிய அரைச் சுரங்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு, படியில் ஆள் தொங்கும் பஸ்ஸாகப் போய்ச் சேர்ந்தான். லாசெல்ஸ் "ம்" என்றார். சரி, கூட்டம் ஜாஸ்தி என்று இரண்டாவது தடவை எல்லாரையும் இறக்கிவிட்டு ஐந்தே சுரத்தில் வாசித்தான். லாசெல்ஸ், "ம். இன்னொண்ணு" என்றார். மூன்றாவது தடவை ஏழாவது சுரத்தை அரைப்படி தூக்கி, இப்போது கிங்ஸ்டனில் எல்லாரும் சொக்கிப்போகிற அந்தக் கீழைநாட்டு வாசனையைக் கொண்டுவந்தான். பாம்பு இருந்தால் ஆடியிருக்கும். அதற்குள் பாசி கொட்டிவிட்டது. 'ம்' கூடக் கிடைக்கவில்லை.

எது தப்பு? சந்தேகம் ஆறாவது சுரமான எஃப்பின்மேல் விழுந்தது. பாட்டு ஏ மைனருக்கும் டி-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. டி வருகிற இடத்தில் அவன் எஃப் வாசிக்க, ஆர்கன் எஃப் ஷார்ப் பிடிக்கிறதோ? புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் இழுக்கிற குடும்பமாகி இருக்குமோ? யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொன்னால் தீர்ந்தது.

ஆனால் கிங்ஸ்டனில் ஒருவரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அவரிடம் சொல்வது மரியாதை இல்லை. அவர் காதில் விழும் தூரத்தில் நின்று நாயிடம் சொல்ல வேண்டும். நாய் இல்லாவிட்டால் சட்டியிடம். சட்டியும் இல்லையென்றால் கடவுளிடம். 'என்னையா சொல்றீங்க?' என்று கேட்டுவிட்டால் கேட்டவன் தொலைந்தான். 'நான் சோளம்தான் எறிஞ்சேன், எந்தக் கோழியையும் கூப்பிடலையே' என்பார்கள். எவரால்டும் இந்த ஊர்க்காரன்தான். சின்ன வயதில் அவனும் நாய்களிடம் நிறையச் சொன்னவன். ஓட்டலுக்குப் போய்க் காது கெட்டுவிட்டது. அங்கே 'சூப் ஆறிப்போச்சு' என்று ஒருவன் சொன்னால் சூப் ஆறிப்போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

முற்றத்தில் ஆர்கனைக் கொண்டுவந்து வெயிலில் வைத்திருந்தார்கள். முதுகுப் பலகையைக் கழற்றிவிட்டு, வைக்ளிஃப் குந்தி உட்கார்ந்து, துணியைக் குச்சியில் சுற்றி ஒவ்வொரு கட்டையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எறும்புகளுக்கு எப்படித்தான் தந்தி போகிறதோ, சுவரோரமாக வரிசை கட்டிவிட்டன.

"வாங்க, வாங்க" என்றார் வைக்ளிஃப் எறும்புகளிடம். "கூச்சப்படாதீங்க. நாமளா கூப்பிட்டோம்? ஓட்டல் துரை வெச்ச விருந்து. இன்னிக்குப் பாலு. நாளைக்கு ரம்மும் ஊத்துவார்."

"பிரதர் வைக்ளிஃப், பெரிய தப்பு நடந்துபோச்சு. நான் துடைக்கறேன், குடுங்க."

"துடைக்கறாராம்" என்று எறும்புகளுக்குச் சொன்னார் வைக்ளிஃப்.

எவரால்ட் பக்கத்தில் குந்தினான். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த டி வர்ற இடத்துல நீங்க மேஜர் பிடிக்கறீங்களா, மைனர் பிடிக்கறீங்களா?"

வைக்ளிஃப் துணிக்குச்சியை உயர்த்திப் பார்த்தார். நுனியில் ஜாதிக்காய்த் துணுக்கு ஒட்டியிருந்தது. "கேட்டீங்களா கதையை? ஆஸ்பத்திரியில ஆளைப் படுக்க வெச்சுட்டு, உங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்னு கேக்கறாங்க." பிறகு குச்சியை மறுபடி உள்ளே விட்டார். "இனிமே எந்தக் கட்டை அமுங்குதோ அதான் பிரதர் ஸ்கேலு. அமுங்கினது போக மிச்சத்துக்கு ஜெபம் பண்ணிக்க வேண்டியதுதான்."

இது பதிலா, சாபமா? எவரால்ட் எழுந்தான்.

க்ளோவிஸைத் தேடினான். அறைக்குள் க்ளோவிஸ் டிரம்மின் திருகாணி ஒன்றை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒரு நிமிஷம்."

"இரு மாப்ளே. இது கழண்டுக்கிச்சு." திருகாணியை இன்னும் முறுக்கினான். அது ஏற்கெனவே சுருதி ஏறி அழுகிற நிலையில் இருந்தது. "இது சரியானதும் வரேன். நீ போய் ஏதாச்சும் சாப்பிடு. முகமெல்லாம் வத்திப்போய்க் கெடக்கு."

சாப்பிடச் சொல்வது ஒருவேளை அந்த ஜாடைப் பேச்சோ? பசியோடு வாசித்தால் சோலோ ஒல்லியாகிவிடும் என்கிறானோ? எவரால்ட் வாசலுக்குப் போனான். அங்கே மிஸ் ஐசில்டா கண்ணாடிப் பெட்டியில் கறி பஃப்ஸும் தேங்காய் ரொட்டியும் விற்கிறாள். அந்தப் பஃப்ஸை ரொட்டிக்குள் செருகித்தான் எல்லாரும் சாப்பிடுவார்கள். மாவுக்குள் மாவு வைத்துத் தின்கிற ஜனங்களிடம் நேர்ப்பேச்சு எதிர்பார்த்தது தன் தப்புதான் என்று எவரால்டுக்குத் தோன்றியது. மார்வலினும் பேஸ் கிதார் வாசிக்கிற ஹோப்டனும் பெஞ்சில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள்.

"மிஸ் மார்வலின், இது உங்க பாட்டு. நீங்க சொன்னா நான் எடுத்துக்குவேன். என் சோலோ நல்லால்லையா?"

"நல்லால்லேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. அதான் கேக்கறேன்."

"யாரும் சொல்லலைன்னா சந்தோஷமா இருங்க. எனக்கெல்லாம் தினம் நாலு பேர் சொல்றாங்க." மார்வலின் கையிலிருந்த ரொட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அதனிடம் சொன்னாள்: "வாசனையெல்லாம் ஜோர்தான் கண்ணு. ஆனா உன்னை ரொம்ப நேரம் உள்ள விட்டுட்டாங்க."

எவரால்ட் காதைத் தீட்டிக்கொண்டான். வந்துவிட்டது. ரொம்ப நேரம்! சோலோ நீளமோ? எட்டுச் சுற்று லாசெல்ஸ் கொடுத்த கணக்கல்லவா? எட்டில் எதைக் குறைப்பது? ஒருவேளை சுரங்களை இழுப்பதைச் சொல்கிறாளோ? அடியாழத்து ஈ-யை நான்கு எண்ணிக்கைக்கு இழுத்தான். பாசி கொட்டியதே அதனால்தான். அல்லது மூச்சை—

"ஏன்டி, என் ரொட்டி தீஞ்சா என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று மிஸ் ஐசில்டா பெட்டிக்குப் பின்னாலிருந்து சீறினாள். "அடுப்பு புதுசு. அது கைக்குப் பழகறதுக்கு நாளாகும்."

"நான் உங்க பேரைச் சொன்னேனா மிஸ் ஐசில்டா?"

"கோழிக்குத் தெரியாதா சோளம் யாருக்குன்னு!"

எவரால்ட் ஹோப்டன் பக்கம் திரும்பினான். ஹோப்டன் பெரிய உடம்புக்காரன். பேஸை மடியில் வைத்தால் குழந்தை மாதிரி தெரியும். "ஹோப்டன், நீயாவது சொல்லுப்பா. சோலோவுக்கு அஞ்சு சுரம் போதுமா, ஏழும் வேணுமா?"

ஹோப்டன் முழுங்கி முடிக்கிறவரை யோசித்தான். "நான் ஏழெல்லாம் வாங்கலை எவரால்ட். கடையில மூணுதான் வாங்கினேன். அதுலயும் ஒண்ணு ஸ்டெப்னி."

மார்வலின் சிரித்ததில் ரொட்டித்தூள் பறந்தது. மிஸ் ஐசில்டாகூடச் சிரித்தாள். எவரால்டும் சிரித்தான், நல்ல நகைச்சுவைதான், வேறொரு நாளில் அவனே சொல்லியிருப்பான். ஆனால் பன்னிரண்டு மணி வெயிலில், வயிற்றில் எதுவும் இல்லாமல், உதடு வீங்கி, நெஞ்சுக்குள் ஒரு கேள்வியை எலும்பு மாதிரி மாட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு அடுத்தவர் நகைச்சுவை எந்த அளவுக்கு உதவும்?

கட்டடத்தின் பின்பக்கம் போனான். சுவரைப் பார்த்து நின்று, மூன்று ஸ்கேலையும் மறுபடி வாசித்துப் பார்த்தான். எஃப் வைத்து ஒன்று. எஃப் ஷார்ப் வைத்து ஒன்று. இரண்டும் இல்லாமல், அந்த இடத்தைக் குழி மாதிரித் தாண்டி ஒன்று. மூன்றும் அவன் காதுக்கு நன்றாகவே இருந்தன. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டதாக இருந்தால் திருத்தலாம். நன்றாக இருப்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நான்காவது தடவை தொடங்கியபோது சுவருக்கு அந்தப்பக்கம், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குரல் வானத்தை நோக்கி எழுந்தது. "ஆண்டவரே, மாட்டை வெட்டறதுன்னு முடிவாயிட்டா ஒரே வெட்டா வெட்டச் சொல்லுங்க. காலையிலேர்ந்து கதறுது."

எவரால்ட் டிராம்போனின் எச்சில் குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தான். இருந்த மரியாதையும் அதோடு சேர்ந்து வடிந்தது.

இனி நேராக முதலாளியிடமே போவது என்று முடிவு செய்தான். லாசெல்ஸ் மாமரத்து நிழலில் ஒலிப்பதிவாளனோடு டாமினோ ஆடிக்கொண்டிருந்தார். கட்டையைப் பலகையில் வைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை, அறைவார். பக்கத்துத் தெருவில் கதவு சாத்துகிற சத்தம் என்று நினைப்பார்கள்.

"மிஸ்டர் லாசெல்ஸ், ஒரே ஒரு கேள்வி."

"கேளு தம்பி." அறைந்தார்.

"என் சோலோ இருக்கப்போகுதா, இல்லையா?"

லாசெல்ஸ் கையிலிருந்த கட்டைகளை விசிறி மாதிரிப் பிடித்துப் பார்த்தார். "நீ வாசிச்ச ஓட்டல் எங்க? செயின்ட் மேரிப் பக்கமா?"

"ஆமா சார்."

"அங்க மழையுண்டா?"

"தெரியலை சார். நான் காலையிலேர்ந்து இங்கதான் இருக்கேன்."

"மழை பெஞ்சா வாழைக்கு நல்லது." அறைந்தார். "காத்தடிச்சா வாழைக்குக் கெடுதி."

எவரால்ட் நின்று யோசித்தான். மழை யார்? காற்று யார்? டிராம்போனில் அடிப்பது காற்று. அப்படியென்றால் வாழை பாட்டு. அல்லது வாழை மார்வலின். அல்லது இந்த மனிதர் வெறும் வாழையைப் பற்றித்தான் பேசுகிறாரா? செயின்ட் மேரியில் இவருக்குத் தோப்பு ஏதும் இருக்கிறதோ? தீய்ந்த ரொட்டி விஷயத்தில் ஒருமுறை ஏமாந்தாயிற்று.

அவன் பொறுமை அங்கேதான் அறுந்தது. "சார், வாழையை விடுங்க. எஃப்பா, எஃப் ஷார்ப்பா? ஒரே வார்த்தை சொல்லுங்க, உங்க கால்ல விழறேன்."

"உனக்கு எது பிடிக்குமோ அது."

"உங்களுக்கு எது பிடிக்கும்?"

"எனக்கு எல்லாமே பிடிக்கும் தம்பி. நாங்க பதினோரு பிள்ளைங்க. தட்டுல விழுந்தது எதுவானாலும் பிடிக்கணும்னு வளர்ந்தவன்." ஒலிப்பதிவாளனைப் பார்த்து, "உன் ஆட்டம்" என்றார். எவரால்டுக்குத் தனக்கு ஆட்டமே இல்லை என்பது போல இருந்தது. ஆனால் அதையும் அவர் சொன்னாரா, இவனாக நினைத்துக்கொண்டானா?

க்ளோவிஸை மறுபடி தேடினான். சிகரெட் வாங்கப் போயிருக்கிறானாம். ஒரு சிகரெட் வாங்க ஒன்றேகால் மணி நேரம். புகையிலை நட்டு, முளைக்கவைத்து வாங்கினாலும் இவ்வளவு ஆகாது.

மூன்று மணிக்கு ஆர்கன் உள்ளே வந்தது. இரண்டு கட்டைகள் அமுங்கினால் எழவில்லை; வைக்ளிஃப் அவற்றின்மேல் காகிதத்தை ஒட்டி, சாவு வீட்டுக் கதவு மாதிரி மூடிவிட்டார். க்ளோவிஸ் கடைசியாக வந்து, நேராக டிரம்முக்குப் பின்னால் புகுந்துகொண்டான். எவரால்ட் மூலையில் நின்று உதட்டை நனைத்துக்கொண்டான். ஐந்து சுரத்தையே வாசிப்பது, ஆறாவது சுரத்தின் பக்கமே போவதில்லை, கண்ணைத் திறந்துவைத்துக்கொள்வது என்று மூன்று தீர்மானங்கள் எடுத்திருந்தான்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "எவரால்ட், நீ உதட்டை ஆத்திக்கோ. இது சும்மா, ஆர்கன் எப்படிக் கேக்குதுன்னு பாக்கறதுக்கு."

பாட்டு ஆரம்பித்தது. மார்வலின் முதல் சரணம் பாடினாள். கிதார் வெட்டி வெட்டி விழுந்தது. வைக்ளிஃபின் ஆர்கன் காகிதம் ஒட்டிய கட்டைகளைச் சுற்றிக்கொண்டு, கஞ்சி கொதிக்கிற மாதிரி உள்ளுக்குள் கொப்பளித்தது. இரண்டாம் சரணம் முடிந்தது. எட்டுச் சுற்று வந்தது. எவரால்டின் கைகள் தாமாகவே டிராம்போனைத் தூக்கிவிட்டன. உதடு ஊதுவாயில் பதிந்தது. ஊதவில்லை. ஆற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களே.

அந்த எட்டுச் சுற்றிலும் ஹோப்டனின் மூன்று சுரங்களும் க்ளோவிஸின் டிரம்மும் மட்டும் நடந்தன. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கிக்கொண்டார்கள், யாரும் சொல்லாமலே. மார்வலின் கண்ணை மூடி, தோளைச் சரித்து ஆடிக்கொண்டிருந்தாள். எவரால்ட் குழாயைப் பிடித்தபடி, கல்யாண வீட்டு போட்டோவில் யாரென்று தெரியாமல் ஓரத்தில் நிற்கிற ஆள் மாதிரி நின்றான். மூன்றாம் சரணம் வந்தது. பாட்டு முடிந்தது.

"அருமை!" என்றது ஒலிபெருக்கி. லாசெல்ஸின் குரலில் காலையிலிருந்து இல்லாத தெம்பு. "மூட்டை கட்டலாம், பிள்ளைங்களா."

மூட்டையா? ஆர்கனைச் சோதிக்கத்தானே வாசித்தார்கள்? எவரால்ட் சுற்றிலும் பார்த்தான். பதிவு நடந்தால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்ததா, இல்லையா? ஊதாமல் நிற்பதிலேயே கவனமாக இருந்ததில் அதைப் பார்க்கத் தவறிவிட்டான்.

"பிரதர் வைக்ளிஃப், இப்ப வாசிச்சது ஒத்திகைதானே?"

வைக்ளிஃப் ஆர்கனின் மூடியைத் தடவிக்கொடுத்தார். "ராசா, பிழைச்சுக்கிட்டேடா" என்றார். அது ஆர்கனுக்குச் சொன்னது.

"மிஸ் மார்வலின்?"

"என் பஸ்ஸு போயிடும் எவரால்ட். டெல்ரோஸ் அக்காவைக் கேட்டேன்னு சொல்லுங்க."

ஹோப்டனிடம் கேட்கவில்லை. இன்னொரு நகைச்சுவையைத் தாங்க உடம்பில் இடமில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் லாசெல்ஸின் நாற்காலி ஏற்கெனவே காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அறை காலியானது. டிரம்முக்குப் பின்னால் க்ளோவிஸ் மட்டும் குனிந்து திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தான். எவரால்ட் போய், டிரம்முக்கும் கதவுக்கும் நடுவே இருந்த ஒரே வழியில், தன் டிராம்போன் பெட்டியைக் குறுக்கே போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"மச்சான்."

"இந்த டிரம்மு இருக்கே" என்று க்ளோவிஸ் டிரம்மைப் பார்த்து ஆரம்பித்தான், "சில நாளு இது—"

"டிரம்மைப் பாக்காதே. என்னைப் பாரு. இன்னிக்கு நான் எறும்போட பேசியாச்சு. ரொட்டியோட பேசியாச்சு. வாழைத்தோப்புக்குப் போய்ட்டு வந்தாச்சு. எவளோ ஒருத்தி என்னை வெட்டச் சொல்லி ஆண்டவருக்கு மனு போட்டுட்டா. நீயும் அந்த டிரம்முகிட்ட ஏதாச்சும் சொன்னேன்னு வெச்சுக்கோ, அதைத் தூக்கி உன் தலையில மாட்டிட்டு, உன் தங்கச்சிகிட்ட நானே போய்ச் சொல்லிக்கறேன்." குரல் உடைந்தது. அதை இருமலாக்கப் பார்த்தான், சரியாக வரவில்லை. "எது தப்பு மச்சான்? எந்த ஸ்கேல்? சொல்லித் தொலை."

க்ளோவிஸ் குச்சிகளைக் கீழே வைத்தான். டிரம்மைப் பார்க்கவில்லை.

"நான்தான் எடுக்கச் சொன்னேன் மாப்ளே."

"எதை?"

"உன் சோலோவை. ரெண்டாவது பதிவு முடிஞ்சதுமே லாசெல்ஸ்கிட்ட போய்ச் சொன்னேன். அவர் இன்னொரு தடவை பாக்கலாம்னாரு. பாத்தோம்."

எவரால்டுக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. காலையிலிருந்து யாராவது ஒருவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அதே வாக்கியத்தில் முடித்தது இதுதான் முதல் தடவை.

"எஃப்பா?"

"எஃப்புக்கு என்ன? எஃப்பு வாசி, எஃப் ஷார்ப்பு வாசி, வேணும்னா ரெண்டையும் கலந்து பொரிச்சு வாசி. அஞ்சு, ஏழு, பன்னெண்டு, எல்லாம் நல்லாத்தான் இருந்தது. மூணாவதுல எனக்குக் கை சிலிர்த்துப்போச்சு, பாசி கொட்டற வரைக்கும். சுரத்துல தப்பே இல்லே. வந்து விழற இடத்துலதான் தப்பு." க்ளோவிஸ் விரலால் தொடையில் தட்டினான். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நான் ஒண்ணுல அடிக்கறதில்லே. மூணுலதான் காலும் குச்சியும் சேந்து விழும். ஒண்ணு காலி. ஹோப்டனும் அங்க வாயைத் திறக்கமாட்டான். ஆடறவங்க அந்தக் காலியிலதான் மேல எழும்பறாங்க. நீ ஒவ்வொரு சுத்துலயும் கரெக்டா அங்க வந்து பூம்னு உக்காந்துக்கறே. எழும்பினவன் தலையில இடிக்குது."

"இது எனக்குத் தெரியாதா? நான் என்ன வெளியூரா?"

"உன் காதுக்குத் தெரியும். நாக்குக்குத்தான் மறந்துபோச்சு. பன்னெண்டு வருஷமா உன் ஓட்டல் பேண்டு மாஸ்டர், விருந்தாளிங்களுக்குக் கால் எங்க வைக்கறதுன்னு தெரியாது, நீ ஒண்ணைக் காட்டு, காட்டுன்னு அடிச்சே வளத்துட்டான். இங்க யாருக்கும் காட்ட வேணாம் மாப்ளே. எல்லாருக்கும் தெரியும் அது எங்க இருக்குன்னு."

எவரால்ட் மனதுக்குள் மூன்று சோலோக்களையும் ஓடவிட்டான். விரல்களை மடக்கி எண்ணினான். முதல் சுற்று, பூம். மூன்றாவது, பூம். ஓட்டல் பாணியும் பூம், ஐந்து சுரமும் பூம், பாம்பாட்டியும் பூம். ஆளை மாற்றி மாற்றி அனுப்பியும் எல்லாரும் ஒரே நாற்காலியில்தான் போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"நான் வாசிச்ச கடைசிப் பதிவுல ஏழுதான்" என்றான் மெதுவாக.

"என்ன ஏழு?"

"எட்டு சுத்துலயும் விழலை. ரெண்டாவது சுத்துல மூச்சு வாங்கி லேட்டா வந்தேன்."

"அது ஒண்ணுதான் ரொம்ப நல்லா இருந்தது" என்றான் க்ளோவிஸ். உண்மையாகவே அப்படி நினைப்பது அவன் முகத்தில் தெரிந்தது. "காலையிலேயே சொல்லியிருக்கணும். டெல்ரோஸ் சர்ச்சு முழுக்கச் சொல்லிட்டா. நான் எந்த வாயால உன்கிட்ட சொல்றது? அதான் சிகரெட்டு வாங்கப் போனேன். நான் சிகரெட்டை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

வெளியே மிஸ் ஐசில்டா கண்ணாடிப் பெட்டியைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. எவரால்ட் பெட்டியிலிருந்து எழுந்து, டிராம்போனை இரண்டாகக் கழற்றி, பகுதி பகுதியாக உள்ளே வைத்தான். மூடியைச் சாத்தவில்லை.

"இப்ப வாசிச்சது ஒத்திகையா, ரெக்கார்டா?"

"ரெக்கார்டு."

"அதுல நான் இருக்கேனா மச்சான்?"

"இல்லே" என்றான் க்ளோவிஸ்.